பொறு என்றால் நிற்கிற ஒன்று

எடையே இல்லை. வெள்ளை அடாப்டரை உள்ளங்கையில் வைத்ததுமே தாரணிக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் பாதியில் காலை வாரிவிடுகிற ரகம்தான் என்று. ஆனாலும் கம்ப்யூட்டர் சாமான் கடை ஹிதாயத் பாய் நாலு அடாப்டரைக் கண்ணாடி மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, "பாத்து எடுத்துக்க பாப்பா, எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லியிருக்கிறார். ஒரிஜினலாம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரிஜினல் என்று சொல்லாத கடை ஒன்றைக் காட்டட்டும் யாராவது, தேன் ஒரிஜினல், நெய் ஒரிஜினல், சார்ஜர் ஒரிஜினல், வாய் திறந்து சொல்ல வேண்டி வந்த அன்றைக்கே அது டூப்ளிகேட் என்று அர்த்தம், அவளுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு முனையில் லேப்டாப்பில் சொருகுகிற யூஎஸ்பி, மறு முனையில் ஒன்பது முள் வைத்த பழைய காலத்து சீரியல் போர்ட், நடுவில் ஒரு முழம் வயர். இவ்வளவுதான் சாமான். இதுக்குப் போய் இந்த மே மாச வெயிலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவள் வேலை பார்க்கிற கௌசல்யா அக்காவின் ஸ்டிக்கர் கடையில் இருக்கிற வெட்டு மெஷின், பிளாட்டர் என்பார்கள், சேலத்தில் இழுத்து மூடின கடை ஒன்றிலிருந்து வாங்கி வந்தது, அதுக்கு இந்த ஒன்பது முள்ளை விட்டால் வேறு பாஷை தெரியாது. அந்தப் பாஷை பேசிய கிழட்டுக் கம்ப்யூட்டர் சித்திரை இடியில் புகைந்து செத்துப்போனது. புது லேப்டாப்புக்கு முள்ளென்றால் என்னவென்றே தெரியாது. ரெண்டுக்கும் நடுவில் பேசி முடித்து வைக்க ஒரு தரகர் வேணும், தரகர் யோக்கியனாக இருக்கணும், விஷயம் அவ்வளவுதான். திங்கட்கிழமை ஸ்கூல் பஸ்ஸெல்லாம் கடை வாசலுக்கு வந்துவிடும், திறப்புக்கு முன்னால் ஆர்டிஓ சோதனைக்குப் போக வேண்டிய மஞ்சள் பஸ்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், போன் நம்பர், அவசர வழி, அப்புறம் பின் கண்ணாடியில் அந்த வரி. இந்த ஆர்டரைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தால் கடை போர்டில் உன் பேரையும் சேர்த்து எழுதலாம்டி என்று அக்கா சொல்லியிருக்கிறாள், கௌசல்யா - தாரணி ஸ்டிக்கர்ஸ், சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டு ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கேயும் அவள் பேரை யாரும் சேர்த்து எழுதினதில்லை, எடுத்துத்தான் இருக்கிறார்கள். அந்த வரியை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் அடாப்டர்.

தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். முன்முடி கண்ணில் விழுந்தது, விழட்டும். கடை லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து வெள்ளையைச் சொருகினாள். ஒன்பது முள்ளில் ஒன்று பேசும், அதுக்குப் பக்கத்து முள் கேட்கும், ரெண்டையும் ஹேர்பின்னால் சேர்த்துப் பிடித்தால் லேப்டாப் பேசுவது அதுக்கே திரும்பி வரும், ஒரு எழுத்தைத் தட்டினால் அதே எழுத்து திரையில் வந்து நிற்கணும், நின்றால் உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு ஹிந்திக்காரன் வீடியோவில் பார்த்தது, அவன் பேசியதில் ஒரு வார்த்தை புரியவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டாள். "ஏம்பாப்பா, கரண்ட்டு கிரண்ட்டு அடிச்சுறப் போகுது" என்றார் பாய், யாருக்கோ பிரிண்டர் மை ஊற்றிக்கொண்டே. "அடிச்சா அடிக்கட்டும் பாய், உங்க கடையில அடிச்சா உங்க பொறுப்பு." "உனக்கு வாய் மட்டும்தான் ஒரிஜினல்" என்று அவர் சிரித்தார். தாரணி இங்கிலீஷ் எழுத்தில் நீ யாரு என்று தட்டினாள். நீ யாரு என்று வந்தது. எதுக்கு வந்த என்று தட்டினாள். எதுக்கு வந்த. கேட்டதையே திருப்பிக் கேட்கிற நாய், பதிலே சொல்லாது. இதைப் பார்த்து ஏமாறக் கூடாது, முதலில் வாங்கின நீல அடாப்டரும் இப்படித்தான் எழுத்தெல்லாம் அழகாகத் திருப்பிச் சொன்னது, ஆன்லைனில் வந்தது, கண்ணாடி மாதிரி நீலம், அதை நம்பித்தானே மோகனூர் ரோட்டுப் பட்டறையில் புதுசாகப் பாடி கட்டின லாரிக்கு முன் கண்ணாடி எழுத்து வெட்டப் போனது. ஸ்ரீ அங்காளம்மன் துணை. சின்ன எழுத்து வரைக்கும் ஒழுங்கு, அப்புறம் பெரிய எழுத்து, சுற்றிலும் பூ, தாமரை, வேல் என்று வேலை கூடினதும், கத்தி ஒரு நொடி எதையோ மறந்துவிட்ட மாதிரி நின்றது, நின்று, ஒரே இழுப்பாக இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கோடு, அங்காளம்மன் மேலேயே. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த லாரிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி பேர்ல கத்தி பட்டுருச்சே அம்மணி, இந்த வண்டி எப்புடி ரோட்டுல போகும்?" "மறுக்கா வெட்டித் தர்றமுங்க" என்று அக்கா சொல்லப்போக, "வெட்டறமுங்கறத மொதல்ல நிறுத்துங்க, வண்டி இன்னும் ஒரு லோடு ஏத்துல, அதுக்குள்ள வெட்டு வெட்டுங்கறீங்க" என்று கத்தி, எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லி, மெஷினைச் சுற்றி, பிளாட்டரைச் சுற்றி எலுமிச்சம்பழம், அது நசுங்கின வாசனை ரெண்டு நாள் கடைக்குள் இருந்தது. அன்றிலிருந்து அக்கா கடையில் சட்டம், சாமி பேர் என்றால் வெட்டறது என்று சொல்லக் கூடாது, எழுதறது என்றுதான் சொல்லணும். ஸ்கூல் பேருக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஸ்கூல் பேரை வெட்டலாம். அந்தப் பேரை அவள் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, ஸ்கூல் என்று சொல்வதோடு சரி, ஆனால் திங்கட்கிழமைக்குள் ஒவ்வொரு எழுத்தாக வெட்டியாகணும், ரெண்டு பக்கமும், முன்னாலும், பின்னாலும், பெருசாக.

நீலத்துக்கு அப்புறம் வாங்கினது சாம்பல் கலர், அது ஒரு கோடுகூடப் பிசகாமல் வேலை செய்தது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒரு நாள் ராத்திரி லேப்டாப் தன்பாட்டுக்கு அப்டேட் போட்டுக்கொண்டது, காலையில் வந்து சொருகினால் மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி, இது அசல் சிப் இல்லை, கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள் என்று ஒரு வரி. சிப் செய்கிற கம்பெனிக்காரன் போலிகளை மோப்பம் பிடித்து வேலை செய்யவிடாமல் பண்ணுகிறானாம். பண்ணட்டும். ஆனால் நேற்று சாயங்காலம் வரைக்கும் அதே வயர், அதே முள், அதே வேலை, உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே, இன்றைக்கு எழுந்து நீ எங்கள் ஆள் இல்லை என்றால் என்ன நியாயம். அந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், அக்கா வந்து "என்னடி பேயறஞ்ச மாதிரி" என்று கேட்டபோது அடாப்டர் போயிருச்சுக்கா என்று மட்டும் சொன்னாள். என்னத்தைச் சொல்வது. அரைப் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுத்த வாரம், கரஸ்பாண்டன்ட் ரூமுக்கு அம்மாவோடு வரச் சொன்னார்கள், அப்பா ரிக் வண்டியோடு போர் போட மத்தியப் பிரதேசம் பக்கம் போயிருந்தார், அம்மா கோழிப்பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், அந்த ரூமின் ஏசியில் அம்மாவின் பவுடர் வாசனை அவ்வளவு தெளிவாக அடித்தது, தாரணிக்கு அதை மூடி மறைக்கணும் போல் இருந்தது. கரஸ்பாண்டன்ட் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "பொண்ணு நல்ல பொண்ணும்மா, ஒழுக்கத்துல ஒரு குறை சொல்ல முடியாது. பிசிக்ஸ்தான் வரல. இப்ப டீசி வாங்கிட்டு டுட்டோரியல்ல சேத்து பிரைவேட்டா எழுதட்டும், அவளுக்கும் பிரஷர் இல்ல, நமக்கும் சங்கடம் இல்ல, நீங்களாவே கேட்ட மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க." நமக்கும். அவர் வாயில் அந்த நமக்கும் எவ்வளவு வழுவழு. அம்மா எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்று ரொம்ப நன்றிங்க சார் என்றாள். கட்டின பீஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அது போகட்டும், அந்த நன்றியைத்தான் இன்றைக்கு வரைக்கும் முழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. அப்புறம் பிரைவேட்டாக எழுதினாளா என்றால் எழுதவில்லை. வீம்பு என்றாள் அம்மா. வீம்புதான், அதிலென்ன. எழுதியிருந்தால் பாஸா? தெரியாது. பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை, பிசிக்ஸ் நிஜமாகவே வரவில்லை, தேறியிருக்கலாம், கவிழ்ந்திருக்கலாம். ஆனால் அது அவளுடைய பெயில். உட்கார்ந்து எழுதி, கையெல்லாம் மையாகி, அவளே சம்பாதித்திருக்க வேண்டிய பெயில். அதைக்கூட ஆகவிடவில்லையே.

வெள்ளையைக் கழற்றிவிட்டு அடுத்ததைச் சொருகினாள். அதுவும் திருப்பிச் சொன்னது. மூணாவது வயரே இல்லாத குட்டை, கட்டைவிரல் அளவு, அதுவும் சொன்னது. எல்லாம் சொல்லும், சொல்வதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, நீலத்தைப் பிரித்துப் பார்த்த அன்றைக்குத்தான் கதை புரிந்தது. ஒன்பது முள் வெளியே தெரிகிறது, உள்ளே வயர் மூணே மூணுக்குத்தான் போகிறது, மற்ற ஆறும் சும்மா, அலங்காரம். அந்த ஆறில் ஒன்று இருக்கிறது, பொறு என்று சொல்கிற முள். பிளாட்டருக்கு ஞாபகசக்தி கம்மி, பழைய மெஷின், லேப்டாப் கடகடவென்று கொட்டுகிற கோடுகளில் கொஞ்சத்தைத்தான் ஒரு தடவைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும், நிரம்பினதும் பொறு, இதை வெட்டிவிட்டு வருகிறேன் என்று அந்த முள்ளில் கை காட்டும். நல்ல அடாப்டர் அதைப் பார்த்து லேப்டாப்பை நிறுத்தும். திருட்டு அடாப்டரில் அந்த முள்ளுக்கு வயரே இல்லை, கை காட்டினது யாருக்கும் தெரியாது, லேப்டாப் கொட்டிக்கொண்டே இருக்கும், வழிந்தது வழிந்ததுதான், பாதி வளைவு காணாமல் போய் கத்தி எங்கே போவது என்று தெரியாமல் நேராக ஒரு இழுப்பு இழுத்துவிடும். ஆக அங்காளம்மனை வெட்டினது பிளாட்டர் இல்லை. பிளாட்டர் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. தூக்கின கையை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா, பிசிக்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்ச், சார் போர்டு முழுக்க எழுதி அழித்து எழுதி அழித்து, புத்தகத்தை ஆயுத பூஜைக்குள் முடித்துவிட்டு ரிவிஷன், ரிவிஷன் முடிந்து ரிவிஷன், ஒரு நாள் கையைத் தூக்கினாள், சார் ஒரு நிமிஷம், அந்த ரெண்டாவது ஸ்டெப், என்று கேட்பதற்குள் அவர் திரும்பாமலே "புரிஞ்சவங்களுக்குத்தான் நடத்தறேன், புரியாதவங்க வீட்டுல போயி யாருகிட்டயாவது கேட்டுக்கங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், தூக்கின கையைக் கீழே கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, முடியைக் கோதுகிற மாதிரி பாவனை பண்ணி இறக்கினாள். பக்கத்து வரிசையில் சபரிநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அவனையும் அதே வாரம்தான் அனுப்பினார்கள். இப்போது முட்டை லோடு ஏற்றுகிறான், கேரளா போகிற வண்டிக்கு, போன வாரம் பரமத்தி ரோட்டில் பார்த்தபோது தலையில் சும்மாடு. ரிசல்ட் பாத்தியா, நம்ம ஸ்கூல் நூறு என்றான். பாத்தேன் என்றாள். "அந்த நூறுல நம்ம ரெண்டு பேரு பங்கும் இருக்குதில்ல, நாம வெளிய வரலீனா வந்திருக்குமா? ஒரு கேடயமாச்சும் குடுக்கலாம் பாவிங்க. பேசாம வெளிய நிக்கறவங்க சங்கம்னு ஒண்ணு ஆரம்பிக்கலாம் வா, நீ தலைவி, நான் பொருளாளர், முட்டை ப்ரீ." அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். அவனிடமும் சொல்லவில்லை அந்த வரியை அவள்தான் வெட்டப்போகிறாள் என்று. தொடர்ந்து இத்தனை ஆண்டுகளாக 100% தேர்ச்சி. சரி, நினைத்தாகிவிட்டது. இனி நினைக்காமல் இருக்க முடியாது.

இப்போது நிஜமான சோதனை. லேப்டாப்பில் எதிராளி பொறு என்றால் நில் என்கிற அமைப்பைப் போட்டாள். பொறு என்றும் தயார் என்றும் சொல்கிற அந்த முள்ளை வேண்டுமென்றே ஒன்றோடும் சேர்க்காமல் விட்டாள். இப்போது தட்டினால் நல்ல அடாப்டர் ஒன்றும் அனுப்பக் கூடாது, எதிரில் இருப்பவன் இன்னும் சரி சொல்லவில்லையே என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கணும். வெள்ளையைச் சொருகித் தட்டினாள். எழுத்தெல்லாம் வந்தது, வெட்கமே இல்லாமல். அடுத்தது, வந்தது. குட்டை, அதுவும் வந்தது. நாலாவது கருப்பு, தடி வயர், கையில் வைத்தால் ஒரு மொந்தன் வாழைப்பழம் அளவுக்குக் கனம், அட்டைகூடப் பழசு, வெயில் பட்டு வெளுத்திருந்தது. சொருகினாள். ஒரு எழுத்து தட்டினாள். திரையில் ஒன்றும் இல்லை. இன்னொன்று. ஒன்றும் இல்லை. பாய் எட்டிப் பார்த்து, "அது செத்திருச்சு போல பாப்பா, ரொம்ப நாளாக் கெடக்குது, வெள்ளையே எடுத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, ஸ்கூலில் பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொள்கிற தங்கவேல் சார். டிசைன் கேட்க அக்காதான் இவள் நம்பரைக் கொடுத்திருந்தாள். ஆர்டர் எடுத்த அன்றைக்கு அவர் அக்காவிடம்தான் பேசினார், அவள் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள், அவர் பார்க்கவில்லை, இல்லை பார்த்தும் தெரியவில்லை, எது மோசம் என்று அவளால் முடிவு பண்ண முடியவில்லை. "ஸ்டிக்கர் கடைப் பாப்பாதான? பின் கண்ணாடில அந்த நூறு பர்சன்ட் இருக்குதில்ல, அத இன்னும் பெருசாப் போடச் சொல்றாரு கரஸ்பாண்டன்ட். பின்னால வர்றவன் தூரத்துலயே படிக்கோணுமாம்." "சரிங்க சார். எத்தன வருசம்னு போடறதுங்க?" "இந்த வருசத்தயும் சேத்துப் பன்னண்டு." சேர்த்து. நாக்கு அதுபாட்டுக்குப் புரண்டது. "இந்த வருசமும் நூறுங்களா சார்?" "பின்ன? எழுதுன புள்ளைல ஒண்ணு பெயில் இல்ல கண்ணு." எழுதுன புள்ளைல. பொறு என்று உள்ளே எங்கேயோ ஒரு முள் சொன்னது, போர்டில் பேர், அக்கா, திங்கட்கிழமை, பொறு, பொறு, அந்த முள்ளுக்கும் அவள் வாய்க்கும் நடுவில் வயர் கிடையாது போல. "நானும் இந்த வருசந்தானுங்க சார். பிளஸ் டூ பி செக்சன். தாரணி. சேந்தமங்கலம் ரூட்டு." மார்க்கை வைத்து அவருக்கு யாரையும் தெரியாது, ரூட்டை வைத்துத்தான் தெரியும். "அட! படியோரத்து சீட்டுல உக்காந்து தூங்கிட்டே வருவியே, அந்தப் புள்ளையா நீயி? அடடே! நம்ம ஸ்கூல் புள்ளைனு மொதல்லயே சொல்ல வேண்டாமா? பாத்தியா, நம்ம புள்ளைங்க எங்க போனாலும் பொழச்சுக்கும்னு நான் அடிக்கடி சொல்லுவேன். அப்பறம் என்ன, ரேட்டக் கொஞ்சம் பாத்துப் போடு அம்மணி, நம்ம ஸ்கூலுக்கு நாமளே பண்ணலீனா வேற ஆரு பண்ணுவா?" மனுஷன் சந்தோஷமாகவே சொன்னார், அதில் கள்ளம் எதுவும் இல்லை, அவர் சந்தோஷப்பட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நான் பாஸானு நீங்க கேக்கவே இல்லீங்களே சார்." "நம்ம ஸ்கூல்ல ஆரு கண்ணு பெயிலு?" "என்னய அரைப் பரீட்சையோட டீசி குடுத்து அனுப்பிட்டாங்க சார்." பின்னால் ஏதோ ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், வரட்டும் வரட்டும் என்று ஒருவன் பின்பக்கத்தைத் தட்டுகிற சத்தம். "அது… அதெல்லாம் மேனேஜ்மென்ட் விசயம். எனக்கு பஸ்சு மட்டும்தான்." "என்னயச் சேத்து எண்ணுனா நூறு வராதுங்க சார். இன்னும் சில பேரு இருக்கறாங்க, அவங்களயும் சேத்தா இன்னும் வராது." "ஏப்புள்ள" என்றார், குரல் மாறிவிட்டது, "ஸ்டிக்கர் ஒட்டற வேலைக்கு எதுக்கு இத்தன பேச்சு? உங்க ஓனர்கிட்டப் பேசிக்கறேன் நானு." வைத்துவிட்டார்.

போச்சு. போர்டு போச்சு, ஆர்டர் போச்சு, எதிர்க் கடை பிளெக்ஸ்காரன் இப்போதே அளவெடுக்க டேப்போடு கிளம்பியிருப்பான். கைக்கு ஏதாவது வேலை கொடுக்கணுமே என்று இன்னொரு ஹேர்பின்னை உருவி, சேர்க்காமல் விட்டிருந்த அந்த முள்ளையும் அதுக்குப் பக்கத்து முள்ளையும் சேர்த்துப் பிடித்தாள். பிடித்ததுதான் தாமதம், இத்தனை நேரம் பேசாமல் கிடந்த எழுத்தெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து விழுந்தது, ஒன்றுகூடத் தொலையவில்லை, வரிசைகூட மாறவில்லை. "அட, உசிரு இருக்குதே" என்றார் பாய். "அப்பவே இருந்துச்சு பாய். பொறுன்னு சொன்னதால நின்னுட்டு இருந்துச்சு." சொல்லிவிட்டு, இந்தச் சாமானுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லாமல் போச்சே என்று நினைத்தாள், உடனே அதுவும் பிடிக்கவில்லை, எவ்வளவு நாளைக்குத்தான் நிற்பது, நிற்கிறவர்களுக்காக யார் வந்து முள்ளைச் சேர்த்துப் பிடிக்கிறார்கள், அம்மா நின்றாளே, நின்று நன்றி சொன்னாளே, பேசினது சரிதான், பேசினது தப்புதான், அக்காவின் புருஷன் லாரிக்குப் பெயின்ட் அடித்து அடித்து மூச்சு வாங்கிப் படுத்திருக்கிறார், அக்காவுக்கு அந்த ஆர்டர் சோறு, இவளுக்கு ரோஷம், சோற்றில் கையை விட்டு அலசிவிட்டாள். போன் அடித்தது. கௌசல்யா அக்கா. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடு பாப்பா, கூப்புடறவங்க சும்மா கூப்புடுவாங்களா" என்றார் பாய். எடுத்தாள். "எங்கடி இருக்கற?" "பாய் கடையிலக்கா." "தங்கவேல் சார் கூப்புட்டாரு." "ம்." "அந்த ஸ்கூலாடி நீயி? இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொல்லியிருந்தா ஆர்டர வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களாக்கா?" அக்காவுக்குப் பொய் சொல்வதற்கு நேரம் இருந்தது, தாராளமாக இருந்தது, தாரணி அந்தப் பொய்யை எதிர்பார்த்துக்கூடக் காத்திருந்தாள், சொல்லட்டும், இந்த ஒரு தடவை யாராவது அவளுக்காக ஒரு பொய் சொல்லட்டும் என்று. "மாட்டேன்" என்றாள் அக்கா. "மாட்டேன் கண்ணு. அது எனக்கு வேணும்." அது நெஞ்சில் குத்தினாலும் அந்த ஸ்கூலில் யாரும் அவளுக்கு இப்படி நேராக ஒரு பதில் சொன்னதில்லை. "சின்னப் புள்ள, தெரியாமப் பேசிருச்சுன்னு மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆர்டர் நம்மகிட்டத்தான் இருக்குது. அந்த வரிய நான் வெட்டிக்கறேன். நீ அந்நேரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வா." தெரியாமப் பேசிருச்சாம். தெரிந்து பேசினது அவள் ஒருத்திதான் இந்த ஊரில். "போர்டு?" என்று கேட்டாள், கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டாள். "அதப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றாள் அக்கா, அந்த அப்பறத்துக்கு என்ன அர்த்தம் என்று தாரணிக்குத் தெரியும், வருசம் கழித்து வரும், ஒருவேளை வராமலே போகும். "அடாப்டர் கெடச்சுதா?" "கெடச்சுருச்சு." "நல்லதுதான? நடுவுல கோடு கீடு இழுத்துறாதே?" "இழுக்காதுக்கா. ஒரு எழுத்து பிசகாது."

பாய் கருப்பு அடாப்டரை வெளுத்த அட்டையில் திரும்பச் சொருகி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். வெள்ளையை எடுத்திருக்கலாம். இப்போதுகூட மாற்றிக் கேட்கலாம், பாய் ஒன்றும் சொல்ல மாட்டார், வெள்ளையைக் கொண்டுபோய் மாட்டினால் நூறுக்குக் குறுக்கே தானாக ஒரு கோடு விழும், யாரும் அவளைக் கேட்க முடியாது, மெஷின் கோளாறு என்று போய்விடும், விழுந்த கோட்டை எடுத்துப் போட்டுவிட்டு அக்கா மறுபடி வெட்டுவாள், மறுபடி, நல்ல அடாப்டர் கிடைக்கிற வரைக்கும் வெட்டிக்கொண்டே இருப்பாள், ஸ்டிக்கர் ரோல்தான் வீணாகும், நூறு ஒன்றும் தொண்ணூறு ஆகிவிடாது. பையில் போட்டுக்கொண்டாள். வெளியே வெயில் தார் ரோட்டிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. மெஷின் வெட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள், முடியாது, வெட்டினது தாளிலேயேதான் கிடக்கும், ஒன்றும் தெரியாது, சிவப்பு முழுக்கச் சிவப்பாகவே இருக்கும். எழுத்தைப் படிக்கணும் என்றால் எழுத்து இல்லாததையெல்லாம் பிய்த்து எடுக்கணும். ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி மெதுவாக இழுத்துக்கொண்டே வரணும், தேர்ச்சியின் ரெண்டு புள்ளியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடப் பார்க்கும், கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளணும். அப்புறமும் பாக்கி இருக்கும், நூறில் ரெண்டு பூஜ்யம், சதவீதக் குறியில் ரெண்டு சின்ன வட்டம், அதுகளின் வயிற்றுக்குள் இருப்பது இழுப்புக்கு வராது, ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் எடுக்கணும், எடுக்காமல் விட்டால் பின்னால் வருகிறவனுக்கு அது நூறாகத் தெரியாது, மொத்தையாகத் தெரியும். எடுத்ததும் சும்மா போய்விடாது, விரலில் ஒட்டிக்கொள்ளும், உதறினால் விழாது, இன்னொரு விரலால் எடுத்தால் அந்த விரலில் ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்கு அது வரவே வராது, கண் பத்தாது, அவசரத்தில் பூஜ்யத்தையும் சேர்த்துக் கிழித்துவிடுவாள். தாரணி போனை எடுத்து, நடந்துகொண்டே, "அக்கா, அந்த வரிய நீங்க தொடாதீங்க, நாஸ்தி பண்ணிருவீங்க, நானே பண்றேன்" என்றாள். "அழுவாமப் பண்ணுவியா?" என்று அக்கா கேட்டாள். "நான் எங்கக்கா அழுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினாள். ஓரம் கிழியாமல், உள்ளே இருப்பதை மட்டும் இருந்த தடமே தெரியாமல் எடுத்துவிடத் தெரிந்த கை அந்தக் கடையில் ஒன்றுதான் இருந்தது.